பச்சைத் தண்ணிக்குப் பயமில்லை

கொளஞ்சியப்பனுக்கு வாய்த்த வேலையை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. டவுன்ஷிப்பில் வேலை என்றால் மைன்ஸா, பவர் ஹவுஸா என்றுதான் எவரும் கேட்பார்கள். அவன் வேலை இரண்டிலும் இல்லை. குவார்ட்டர்ஸ்களின் கக்கூசிலிருந்தும் குளியலறையிலிருந்தும் குழாய் வழியாக வரும் தண்ணீர், முந்திரித் தோப்பைத் தாண்டி, வரிசையாக வெட்டிய மூன்று பெரிய குளங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக விழுந்து, தேங்கி, தெளிந்து, கடைசியில் பரவனாற்றுக்குப் போகும் ஓடையில் சேரும். அந்த மூன்று குளங்களுக்கும் அவன் காவல். கரையில் புல் மண்டாமல் செதுக்க வேண்டும். முதல் குளத்தில் மிதக்கும் அழுக்கு ஏட்டை நீளக் கழியால் ஒதுக்கி அள்ள வேண்டும். குளத்துக்கும் குளத்துக்கும் நடுவிலும் ஓடை வாயிலும் தண்ணீரை மறிக்கும் பலகைகளைச் சொன்னபோது ஏற்றி, சொன்னபோது இறக்க வேண்டும்.

ஓவர்சியர் அந்தக் குளங்களை ஆக்ஸிடேஷன் பாண்டு என்பார். கான்ட்ராக்ட் கூலிகள் வாயில் அது வெறும் பாண்டு ஆயிற்று. அதிலும் முதல் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். ஓடைமேட்டுக்காரர்கள் அந்த அளவுக்குக்கூட மரியாதை வைக்கவில்லை. பீக்குளம் என்றார்கள். அவனைப் பீக்குளத்து மணியக்காரர் என்றார்கள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவன் வயலில் குனிந்தே இருந்த வம்சத்தில், நிமிர்ந்து நின்று செய்கிற வேலை அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது. சங்கு ஊதினால் ஷிப்ட், ஊதினால் முடிவு, வாரம் ஒரு நாள் ஆஃப். இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. ஆனால் என்றைக்காவது ஆகும் என்று நினைத்துக்கொண்டு கரையில் நடப்பதற்கும், நாளைக்குக் கூலி உண்டா என்று நினைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்கிறது.

குளக்கரைத் தகரக் கொட்டகையில் அவனும் மனைவி அம்சவல்லியும் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. ஓடையோடு கீழே நடந்தால் வருகிற ஓடைமேட்டில் அவன் அக்கா வீரம்மாள் இருந்தாள். அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்; கட்டினவன் போய்ச் சேர்ந்துவிட்டான், மிச்சம் ருக்குமணி என்று ஒரே பெண். ஆறு வயசு. ஆஃப் கிடைத்தால் கேன்டீன் பன்னை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கொளஞ்சியப்பன் போய் நிற்பது அந்தப் பிள்ளைக்காகத்தான். அது அவனைக் கண்டதும் "மாமா" என்று ஓடிவந்து, அவன்மேல் குளத்து வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டே மடியில் ஏறும். உலகத்தில் அவனுக்கு வேறு சொத்து கிடையாது. அவனும் தேடவில்லை.

ஓடைமேடு பழைய ஊர் அல்ல. இருந்த ஊர் சுரங்கத்துக்காகக் கலைக்கப்பட்டபோது, நிலமில்லாத சனங்கள் ஓடைக்கரை மேட்டைப் பார்த்து வந்து குடிசை போட்டார்கள். கிணறு வெட்டினார்கள், மணல் சரிந்து சரிந்து மூடியதால் பாதியில் விட்டுவிட்டார்கள். ஆகவே குடிக்க ஊற்றுத் தண்ணீர்தான். ஓடை மணலில் வீட்டுக்கொரு குழி தோண்டி, கசிந்து ஊறுவதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷக் கோடையில் அங்கே வாந்திபேதி வந்து போனது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியிலிருந்து லூர்துமேரி என்ற நர்ஸ் வந்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், கண்டிப்பானவர். வீடு வீடாகப் புகுந்து, அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் எப்படிக் கொதிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டினார். "பச்சைத் தண்ணி ஒரு சொட்டு பிள்ளைங்க வாயில படக்கூடாது. கொதிக்க வெச்சு, ஆறவெச்சுக் கொடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். பெண்களுக்கு அவரிடம் பயம், அதோடு மரியாதை. முந்திரிச் சுள்ளி பொறுக்கிவந்து, கண் எரிய ஊதி ஊதி, அன்றிலிருந்து காய்ச்சித்தான் குடித்தார்கள். சோறு பொங்குகிற அடுப்பிலேயே தண்ணீருக்கும் ஒரு பானை ஏறியது. விறகுக்கு நடக்கிற நடை இரட்டிப்பானது. அலுத்துக்கொண்டார்கள், ஆனாலும் விடவில்லை.

குளங்கள் வந்தது அதற்கு அடுத்த வருஷம். மேலே இருந்து வருகிற தண்ணீர் நம் ஓடையில் விழப்போகிறது என்று தெரிந்ததும் ஓடைமேடு கொதித்தது. ஊரில் பெரியவர் தங்கராசு, கொளஞ்சியப்பனுக்கு மாமன் முறை. "நீ அங்கதானேடா நின்னுகினு இருக்கிற, என்னா ஏதுன்னு கேட்டுகினு வா. நாங்க கேட்டா யாரு பதில் சொல்லுவாங்க?" என்று அவனை அனுப்பினார். ஊர் தன்னை ஒரு காரியத்துக்கு அனுப்பியதில் கொளஞ்சியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. அந்தக் குளிர்ச்சியில்தான் பின்னால் வந்த அத்தனையும் ஆரம்பம்.

ஓவர்சியர் குஞ்சிதபாதம் சிதம்பரம் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. கேட்டதற்கு எரிந்து விழவில்லை. அவனை மூன்றாவது குளத்தின் கரைக்குக் கூட்டிப்போனார். சித்திரை வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கிளிப்பச்சையாக இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, வெயில் பட்டால் அது மூச்சு விடும், அந்த மூச்சில்தான் அழுக்கெல்லாம் அழிகிறது என்று புரியும்படி எடுத்துச் சொன்னார். இங்கிருந்து போகிற தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் கெடுதல் இல்லை, மாடு மிதித்தால் கெடுதல் இல்லை. குடிக்கிறவர்கள் எப்போதும்போல் காய்ச்சிக் குடிக்கட்டும் என்றார். கடைசியில் குளத்தைக் கைகாட்டி, "பச்சைத் தண்ணியா இருக்கிறவரைக்கும் பயமே இல்லப்பா, ஊர்ல போய்ச் சொல்லு" என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. பச்சை எதிரிலேயே இருந்தது அல்லவா, புரியாமல் என்ன?

அன்று சாயங்காலம் ஓடைமேட்டில் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் வராததால் அவன் உடனே திரும்பியாக வேண்டும். நின்ற வாக்கிலேயே சொன்னான். பாசி, மூச்சு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டான். ஒரு நல்ல சேதியைக் கொண்டுவருகிறவன் அதன் வாலையெல்லாம் இழுத்துக்கொண்டா வருவான்?

"ஓவர்சியரே சொல்லிட்டாருங்க. பச்சைத் தண்ணிக்குப் பயமே இல்லையாம்."

கண்ணையனின் பெண்சாதி சின்னம்மாள் கேட்டாள்: "அப்ப அந்த நர்சம்மா சொன்னது?"

நர்சம்மா குளத்தைப் பற்றி ஏதோ குறை சொல்லியிருக்கிறார் என்று கொளஞ்சியப்பன் நினைத்துக்கொண்டான். கொசு வரும், நாறும் என்று சொல்லியிருப்பார். அவன் பெரிய மனிதனாகச் சிரித்தான்.

"நர்சம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. இது இன்ஜினியருங்க சமாச்சாரம்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். விட்டது தொல்லை என்று ஒருத்தி சொன்னாள். குளத்துப் பயம் விட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். சுள்ளி பொறுக்கும் தொல்லை விட்டது என்று அவள் சொன்னாள். பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத தண்ணி என்பது தமிழ் பேசுகிற குழந்தைக்கும் தெரியும். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். ஆனால் அவன் கண்ணில் அப்போதும் அந்தக் கிளிப்பச்சைக் குளம்தான் நின்றுகொண்டிருந்தது. கேட்டவர்கள் கண்ணில் அது இல்லை. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஷிப்டுக்குப் போய்விட்டான்.

கோடை முழுக்க ஒன்றும் ஆகவில்லை. கசிந்து ஊறிய தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அவன் ஆஃபுக்குப் போகும் நாட்களில் அக்கா மோரோ கூழோ கொடுத்தாள். தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சந்தர்ப்பம் வரவில்லை, வந்திருந்தாலும் ஆறிய தண்ணீர் என்றே குடித்திருப்பான். அடுப்பில் ஒரு பானை குறைந்தது அவன் கண்ணில் படவே இல்லை. எந்த ஆண்பிள்ளை கண்ணில்தான் அது பட்டிருக்கிறது?

ஐப்பசி பிறந்ததும் வானம் மூடிக்கொண்டது. மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை நின்ற பொழுதிலும் வெயில் வரவில்லை. கார்த்திகையில் கடலூர் பக்கம் புயல் என்றார்கள். இங்கே காற்றும் சாரலுமாக நாட்கள் இருண்டே கிடந்தன. மூன்றாவது குளத்தின் பச்சை வெளிறியது. முதலில் வாழையிலைப் பழுப்பாயிற்று, பிறகு பாத்திரம் கழுவிய நீராயிற்று, பிறகு சாம்பல் நிறம் ஏறி, அதுவரை இல்லாத ஒரு நாற்றம் எழுந்தது. கரையோரம் நின்ற கொக்குகளைக் காணோம். அம்சவல்லி கொட்டகைக் கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்தாள்.

கொளஞ்சியப்பன் ஓவர்சியரிடம் ஓடினான். அவர் வந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். வெயில் இல்லை, பாசி செத்துவிட்டது, வெயில் வந்தால் தானாகத் திரும்பும் என்றார். கடைசிப் பலகையை இறக்கி, ஓடைக்குப் போவதை மறித்துவிடலாமா என்று அவன் கேட்டான். இந்த மழையில் இறக்கினால் குளம் நிரம்பிக் கரை உடையும், உடைந்தால் மொத்தமும் ஓடைக்குத்தான் போகும், அது இதைவிடக் கேடு என்று அவர் சொல்லிவிட்டார். போகும்போது திரும்பி நின்று, கீழே இருக்கிற சனங்களை ஓடைத் தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லு என்றார்.

"அவங்க காய்ச்சித்தான் சார் குடிக்கிறாங்க" என்றான் கொளஞ்சியப்பன்.

அப்படித்தான் நம்பினான். ஆகவே அன்றே ஓடவில்லை. கரை எங்கே கசிகிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்த்துக்கொண்டு, மண் மூட்டை அடுக்கிக்கொண்டு, ஆஃப் நாள் வரட்டும் என்று இருந்துவிட்டான்.

ஆஃப் அன்று மழை நின்றிருந்தது. பன் முடிச்சோடு ஓடைக்கரை வழியாக நடந்தான். ஓடை இரு கரை தொட்டுச் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுக் குழிகளைக் கரையோர மணலுக்கு நகர்த்தித் தோண்டியிருந்தார்கள். ஊர் ஓசையில்லாமல் இருந்தது. அக்கா வாசலில் யாரும் ஓடிவரவில்லை.

உள்ளே ருக்குமணி சாக்கில் சுருண்டு கிடந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அவனைப் பார்த்தாள், ஆனால் கூப்பிடவில்லை. மூக்கையும் பொத்தவில்லை.

விடிந்ததிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவேயில்லை என்று வீரம்மாள் சொன்னாள். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, கொடுக்கக் கொடுக்க வெளியே போகிறது என்றாள். சொல்லிக்கொண்டே மூலைக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, "நீயும் நடந்து வந்திருக்கிற, குடி தம்பி" என்று அவனிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு செம்பைப் பிள்ளைக்காக மொண்டாள்.

செம்பு சில்லென்றிருந்தது. அவன் வாய்வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். அடியில் பொடி மணல் தெரிந்தது.

"எப்பக்கா காய்ச்சுன இது?"

"காய்ச்சறதா? பச்சைத் தண்ணிதான். நீதானே தம்பி பயமில்லைன்னு சொன்ன?"

கொளஞ்சியப்பனுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு வேப்பமரத்தடி வந்தது, சின்னம்மாளின் கேள்வி வந்தது, தான் சிரித்த சிரிப்பு வந்தது. அக்கா கையிலிருந்த செம்பைப் பிடுங்கி வாசலில் வீசினான். குடத்தைக் காலால் தள்ளினான். வீரம்மாள் அவனுக்குப் பைத்தியம் பிடித்ததா என்று பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைவேலிடம் மாட்டுவண்டியைப் பூட்டச் சொன்னான். பிள்ளையைத் தூக்கிப் போய் வைக்கோல்மேல் கிடத்தினான். கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தது. வீரம்மாள் ஏறிக்கொண்டாள். அவனும் சக்கரத்தில் கால் வைத்துவிட்டான். அப்போதுதான் ஓடைச் சரிவில் நாலைந்து பெண்கள் குடத்தோடு இறங்கிப் போவதைப் பார்த்தான்.

இடுப்பில் குடம், குடத்தோடு பிள்ளைகள்.

அவன் காலை எடுத்துக் கீழே வைத்தான்.

"நீயும் ஏறு தம்பி" என்றாள் வீரம்மாள். "டவுன்ஷிப்புல எனக்கு யாரத் தெரியும்? எந்த வாசல்ல போயி நிப்பேன்?"

"லூர்துமேரி நர்சம்மான்னு கேளுக்கா. நான் பின்னாலயே வந்துடறேன்."

அவள் அவனை நம்பாமல் பார்த்தாள். அந்த நேரத்தில் வேறு எந்த வேலை அவனுக்குப் பெரிதாகப் போயிற்று என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வண்டி நகர்ந்தது. பிள்ளையின் கால் மட்டும் வைக்கோலுக்கு வெளியே தெரிந்து ஆடிக்கொண்டே போயிற்று. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் சரிவில் இறங்கினான்.

பெண்களைத் தடுத்து, யாரும் இந்தத் தண்ணீரை மொள்ள வேண்டாம், இது கெட்டுப்போயிருக்கிறது என்றான். சத்தம் கேட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள். தங்கராசு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அன்னைக்கு நல்லதுன்ன. இன்னைக்குக் கெட்டதுங்கற. யாருடா உன்ன சொல்லி அனுப்பிகினு இருக்கிறது? ஓடைய வுட்டும் கெளம்பணுமா நாங்க?"

ஒரு தடவை ஊரை இழந்தவருக்கு டவுன்ஷிப்பிலிருந்து வருகிற எந்தப் பேச்சிலும் கிளப்புகிற சத்தம்தான் கேட்கும். கொளஞ்சியப்பன் அப்படியில்லை என்று விளக்கப் பார்த்தான். அப்போது குளம் பச்சையாக இருந்தது, இப்போது பச்சையாக இல்லை என்றான். பச்சைத் தண்ணி என்று சொன்னது பச்சைத் தண்ணி இல்லை, பச்சையாக இருக்கிற தண்ணி என்றான். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். எத்தனை தடவை திருப்பிச் சொன்னாலும் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து ஒன்றாகப் போய், அவர்கள் காதில் வேறாக விழுந்தது. இதற்கிடையில் ஒருத்தி குந்தி உட்கார்ந்து மொள்ள ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் அவள் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊற்றில் காலைவிட்டு மணலைத் தள்ளி மூடினான். அடுத்ததை மூடினான். அதற்கடுத்ததையும் மூடினான்.

ஓடைமேட்டில் ஒருவர் ஊற்றை இன்னொருவர் மூடுவதென்பது லேசான காரியம் இல்லை. பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொள்ளத் துணிந்தவர்கள்கூட ஊற்றைத் தொட மாட்டார்கள். முதுகில் முதல் அடி விழுந்தபோது அது எதிர்பார்த்த அடிதான். இரண்டாவது தோளில் விழுந்தது. அவன் மணலில் குப்புற விழுந்தான். விழுந்த இடத்தில் இருந்த ஊற்றைக் கையால் மூடினான். டேய் டேய் என்று தங்கராசு கத்தினார். அவனையா, அடிக்கிறவர்களையா என்று தெரியவில்லை. அவன் முழங்காலால் நகர்ந்து இன்னொரு குழிக்குப் போனான். மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. வண்டி இந்நேரம் முந்திரித் தோப்பைத் தாண்டியிருக்குமா, பிள்ளைக்கு மூச்சு இருக்குமா என்பதுதான்.

அப்போது சின்னம்மாள் மேட்டிலிருந்து ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குக் கையும் காலும் இழுத்துகினு போவுது. ராத்திரிலேருந்து போயிகினே இருந்தாரு. யாராச்சும் வாங்களேன்."

ஓங்கிய கம்பு அப்படியே நின்றது. கொளஞ்சியப்பன் மணலிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். வாயில் மண் இருந்தது. இனிமேல் ஓவர்சியரையும் குளத்தையும் பாசியையும் இழுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"நான் சொன்னதாலதாங்க. காய்ச்சாம குடிக்கலாம்னு யாரும் சொல்லல. ஓவர்சியர் சொல்லல, நர்சம்மா சொல்லல. அவுங்க சொன்னத நான்தான் பாதி முழுங்கிட்டுப் பாதி சொன்னேன். எங்கக்கா பொண்ணும் அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் வண்டியில போவுது. என்னை எவ்வளவு வேணா அடிங்க. இத மட்டும் குடிக்காதீங்க."

குந்தியிருந்தவள் தன் குடத்தை மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் மணலில் இறங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் சாய்த்தார்கள். தங்கராசு ஒவ்வொரு வீடாகப் போய்க் குடத்தைக் கவிழ்க்கச் சொல்லும்படி ஆள் அனுப்பினார். புதிதாக மொண்டு காய்ச்சுவதற்கு ஊரில் காய்ந்த சுள்ளி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நனைந்து கிடந்தது. ஒருத்தி தன் குடிசைக் கூரையின் உள்பக்கத்திலிருந்து கழிகளை உருவி அடுப்பில் வைத்தாள். இன்னொருத்தியும் அப்படியே செய்தாள். கண்ணையனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் புறப்பட்டார்கள். கட்டிலுக்கு ஒரு முனையைக் கொளஞ்சியப்பனும் பிடித்தான். அடிபட்ட தோள் என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் ருக்குமணிக்குக் கையில் ஊசி குத்தி, பாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். லூர்துமேரி வியர்த்துப்போய் நின்றிருந்தார். காய்ச்சிக் குடிக்கத்தானே சொன்னேன், அவ்வளவு ஒழுங்காயிருந்த சனம் ஏன் விட்டது என்று வீரம்மாளைக் கேட்டார். வீரம்மாள் வாசலில் வந்து நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

கொளஞ்சியப்பன் எல்லாவற்றையும் சொன்னான். குளத்துத் தண்ணீர்தான் இப்படிச் செய்துவிட்டதா என்று கடைசியில் கேட்டான். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் பழியில் பாதியைக் குளத்தில் இறக்கி வைக்கலாம் என்று ஓர் ஆசை. லூர்துமேரி அதற்கு இடம் கொடுக்கவில்லை. குளமோ, மழை அடித்துக்கொண்டு வந்த ஊர் அழுக்கோ, யார் கண்டது? எதுவாயிருந்தாலும் கொதிக்க வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை என்றிருக்கும்.

கண்ணையன் அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடைமேடு அவனை ஒதுக்கவில்லை. கண்ணையன் காரியத்தன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றவனைச் சின்னம்மாளே கூப்பிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அதற்கு எத்தனை மனசு வேண்டும்? தையில் வெயில் வந்தது, குளத்துக்குப் பச்சை திரும்பியது. வேலையும் போகவில்லை, சில வருஷம் கழித்துப் பர்மனென்ட்டும் ஆனான். தங்கராசு மாமா கடைசிவரைக்கும் டவுன்ஷிப் சேதி எதுவானாலும் அவனைத்தான் கேட்டார். அவனும் சொன்னான். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, பிறகுதான் விடுவான். இவனிடம் மணி கேட்டால்கூடப் பொழுது போய்விடும் என்று கூலிகள் கேலி செய்தார்கள். ஊர் மறந்தது, மன்னித்தது, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா விஷயம் வேறு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் ருக்குமணி கண் திறந்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பன் உள்ளே ஓடினான். பிள்ளை அவனைப் பார்த்து உதட்டை அசைத்தது. மாமா என்று சொல்லப்போகிறது என்று குனிந்தான். தண்ணி என்றது.

லூர்துமேரி கெட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டம்ளரில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. அவன் ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தூக்கி, மறு கையால் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனான். வீரம்மாளின் கை குறுக்கே வந்தது.

"காய்ச்சுனதுதான்க்கா. நர்சம்மா கொடுத்தது."

அவள் கையை எடுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மொதல்ல நீ குடி."

கொளஞ்சியப்பன் ஒரு வாய் குடித்தான். இடுப்பில் வைத்து அவனுக்குச் சோறூட்டி வளர்த்தவள், அவன் தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி, பிள்ளைக்குத் தானே கொடுத்தாள்.